ஆண்டு பொறித்த போத்தல்

பனங்கள்ளின் ஆயுள் ஒரு பகலே எனலாம். விடியலில் இறக்கிய கள் உச்சிவேளைக்குள் புளிப்பேறும். நாட்கள் சில கழியின் காடியாகும். ஆதலின், மன்னார்த் தீவின் பனங்கூடல்களிடையே வளர்ந்தவர்க்கு, ஐரோப்பியரின் சிவப்பு வைன் இருட்டறையில் முப்பது ஆண்டு கிடந்து மேன்மையுறும் என்பது வியப்பையே தரும்.

எனினும் இக்கரைக்கு முந்திரிகை புதியதன்று. யவனர் கொணர்ந்த நறுந்தேறலை அருந்தி இனிதிருக்குமாறு பாண்டியனை நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றின் 56 ஆம் பாட்டிற் காண்கிறோம். திருக்கேதீச்சரத்தை அண்டிய மாதோட்டத் துறைமுக மேட்டின் அகழாய்விலோ, கி.பி. 650க்கும் 800க்கும் இடைப்பட்ட காலத்து முந்திரிகை விதைகள் கிடைத்துள்ளன. அவை கடல்வழி வந்தவை என்பது ஆய்வாளர் முடிபு.

இளமையிற் சிவப்பு வைன் நாவை இறுக்கும் துவர்ப்புடையது. பழத்தின் தோலிலும் விதையிலுமிருந்து இறங்கிய துவர்ப்பொருள்கள் காலப்போக்கில் ஒன்றோடொன்று பிணைய, அவற்றில் ஒரு பகுதி மண்டியாக அடியிற் படியும். நிறம் செங்கலின் சாயல் பெறும். பழவாசனை தணிந்து, உலர்ந்த இலையும் ஈரமண்ணும் நினைவுக்கு வரும். பிறந்த ஆண்டின் வைனைத் தேடிப் பரிசளிக்கும் வழக்கமும் அந்நாட்டாரிடம் உண்டு.

பாரிசிற் குடியேறிய மன்னார் இளைஞர் ஒருவர், விடுமுறையில் ஊர் திரும்பியபோது அவ்வாறே தம் பிறப்பாண்டின் போர்தோ வைனைத் தந்தைக்குக் கொணர்ந்தார். போத்தலிற் பொறித்திருந்தது 1990. போர்தோவில் அது வெயில் நன்கு காய்ந்து பழம் முற்றிய, புகழ்பெற்ற ஆண்டு. மன்னாரிலோ, யூன் மாதத்தில் போர் மீண்டும் மூள, குடும்பங்கள் வள்ளமேறி இராமேசுவரம் சென்ற ஆண்டு. ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தை அடைந்த ஆண்டு. மகன் பிறந்தது மண்டபம் முகாமில்.

மகனுக்குப் பிறப்பாண்டாகத் தெரிந்த எண், தந்தைக்கு ஊரிழந்த ஆண்டாகத் தெரிந்தது. முதுமைவரை மரமேறி வாழ்ந்த அவர் போத்தலை நெடுநேரம் பார்த்திருந்தார். பின்னர் ஒரு மிடறு அருந்தி, “துவர்ப்பு இன்னும் போகேல்லை மகன், ஆனா ஆறியிருக்கு” என்றார். அன்று மாலை முழுதும் அவர் பேசியது ஓர் எருக்கலம்பிட்டி நண்பரைப் பற்றியே. சுண்ணாம்பிட்ட முட்டியில் இறக்கிய கருப்பணியை விரும்பிக் குடித்த அந்நண்பரை, அவ்வாண்டின் பின் அவர் கண்டதில்லை. அப்பெயரை மகன் கேட்டதும் அன்றே முதன்முறை.

காலம் எதனையும் தானாக இனிமையாக்குவதில்லை. வைன் முதிர்வதற்குக் குளிர்ந்த இருளும் அசைவற்ற கிடையும் இறுகிய தக்கையும் வேண்டும். முகாமிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து மீண்டும் பிறவூருக்கும் அலைந்த மக்களின் நினைவுக்கு அத்தகைய அமைதி வாய்த்ததில்லை. அம்முதியவரின் நெஞ்சில் ஏதேனும் ஆறியிருந்ததெனின், அது அவர் தம் தொழிலிலும் மக்களின் வாழ்விலும் தேடிக்கொண்ட ஆறுதலே.

பழைய வைனை ஊற்றுவோர் மண்டி கலங்காமற் பார்த்து ஊற்றுவர். மண்டியைப் போத்தலிலேயே விட்டுவிடுவர். 1990 இன் நினைவை அவ்வாறு வடித்தெடுத்தல் இயலாது. இருதிறத்தார் இழப்பையும் ஒருங்கே பேசும் வீடுகளிலேயே, அடுத்த தலைமுறை அவ்வாண்டினை முழுமையாக அறியும்.