முள் நிற்கும்வரை

மூன்று மாதமாக மாத்தளை டவுனில் ஜிம்முக்குப் போகிறேன். வாரத்தில் மூன்று நாள் இரும்பு, இரண்டு நாள் சைக்கிள். இடுப்புப் பெல்ட் இரண்டு துளை உள்ளே போய்விட்டது. மூலையில் கிடக்கும் பழைய தராசு மட்டும் 72 என்று அடம்பிடிக்கிறது. திங்கள்தோறும் ஏறி நிற்பேன். முள் இரண்டு பக்கமும் ஆடிவிட்டு அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

“அது நல்லது சேர். கொழுப்பு எறங்குது, தசை ஏறுது. நெறையப் பாக்காதீங்க” என்கிறான் பயிற்சி தரும் தம்பி.

அவன் சொல்வது சரிதான். ஒரு கன சென்ரிமீற்றர் தசை 1.06 கிராம், அதே அளவு கொழுப்பு 0.9 கிராம்தான். நிறை மாறாமலே ஆள் ஒடுங்கலாம். ஆனால் தராசு விஷயத்தில் எனக்குப் பழைய பகை ஒன்று உண்டு.

ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவுக்குச் சாயத்தண்ணி கொண்டு போவேன். கொழுந்து மடுவத்தில் வரிசை நிற்கும். இடுப்பில் நனைந்த படங்கு, முதுகில் கூடை. கொக்கியில் சாக்கு தொங்கியதும் முள் துள்ளும். அது நிற்பதற்கு முன்பே கணக்கப்பிள்ளை தொகையைக் கூப்பிட்டுவிடுவார். சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. அந்தக் காலத்தில் அங்கே முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, பதினாறு கிலோ வேண்டும். ஒரு மழைநாள் “பதினஞ்சரை” என்றார். வாய் திறக்காத என் அம்மா அன்று மட்டும் கேட்டாள்: “ஐயா, முள்ளு இன்னும் நிக்கலீங்களே?” 

“மழைத் தண்ணிக்கும் சம்பளம் கேக்குறியா?” 

அரைப் பேர். அன்று லயத்துக்கு ஏறும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. முன்னால் போன அவளுடைய கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டு ஏறினேன். கருங்கல்லைச் செதுக்கியதுபோல இருந்தது. இன்று அப்படியொரு காலுக்காகத்தான் மாதாமாதம் காசு கட்டுகிறேன்.

தம்பிக்குச் சைக்கிள்மேல் சந்தேகம். “சைக்கிள் கூடினா தசை கரைஞ்சிரும் சேர்” என்று பயமுறுத்துவான். இந்தப் பயத்துக்கு வேர், ரொபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்கர் 1980இல் வெளியிட்ட ஆய்வு. பளு தூக்குகிறவரான அவர், தன் பேராசிரியரோடு ஓடப் போய், உடம்பு வற்றுவதைக் கண்டு மிரண்டாராம். பிறகு மூன்று குழுக்களை வைத்துப் பத்து வாரம் பார்த்தார். பளு மட்டும் தூக்கியவர்களின் பலம் ஏறிக்கொண்டே போனது. இரண்டையும் செய்தவர்களுக்கு ஏழெட்டு வாரம் வரை ஏறி, கடைசியில் சரிந்தது. மூச்சுத் திறனுக்கு மட்டும் குறைவில்லை. ஆனால் அவர்கள் வாரத்தில் ஐந்து நாள் பளு, ஆறு நாள் சைக்கிளும் ஓட்டமும் என்று உயிரை விட்டவர்கள். அலுவிகாரை வரை மிதித்துப் போய், விகாரைக்கு எதிரே இளநீர் குடித்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு அந்த ஆபத்து கிட்டவும் வராது. திரிபிடகத்தை முதன்முதலில் ஓலையில் எழுதிவைத்த இடம் அது; அந்தப் பிக்குகள் எத்தனை காலம் இடுப்பொடிய உட்கார்ந்திருப்பார்களோ என்று நினைத்தபடி மிதித்தால் கால்வலி தெரியாது. இருந்தாலும் தம்பியின் மனம் நோகாதிருக்க, இரும்புக்கு ஒரு நாள், சைக்கிளுக்கு இன்னொரு நாள் என்று பிரித்துவிட்டேன்.

எங்கள் மாமா எதையும் பிரிக்கவில்லை. கோதுமை மா மூட்டையைச் சைக்கிள் பாரில் வைத்துத் தோட்டத்து ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டே வருவார். ஏறும்போது சைக்கிளை அவர் சுமப்பார், இறங்கும்போது அது அவரைச் சுமக்கும். சாகும்வரை வயிறு முதுகோடு ஒட்டியே இருந்தது. அதை யாரும் ஆரோக்கியம் என்று சொன்னதில்லை.

ஏனென்றால் தசை சுமையால் மட்டும் வளர்வதில்லையாம். உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 1.6 கிராம் புரதம் என்று தம்பி கணக்குச் சொன்னான். எனக்கு 115 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் என்றால் பத்தொன்பது முட்டை! பருப்பு, நெத்தலி, கடலை என்று எப்படியோ ஒப்பேற்றுகிறேன். அம்மாவுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும். லயத்துக் கோழி எப்போதாவது இடும் ஒற்றை முட்டையை வெங்காயமும் மிளகாயும் போட்டு அகலமாகப் பொரித்து, நாலு பிள்ளைகளுக்கு நாலாக வெட்டுவாள். சட்டியில் ஒட்டியிருப்பதை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவாள்.

போன திங்கட்கிழமையும் ஏறினேன். பின்னால் இரண்டு பொடியன்கள் காத்து நின்றார்கள்.

“சேர், அதே எழுவத்திரெண்டுதான். எறங்குங்க.”

“பொறு தம்பி” என்றேன். “முள்ளு இன்னும் நிக்கல.”