40 மில்லிமீட்டர்

அப்பாவின் புல்லட்டைத் துடைக்க எனக்கு அனுமதி உண்டு, ஓட்டக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சக்கரத்தின் ஆரக்கம்பிகளை எண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பது என் வேலை. பதினாறு வயதில் ஒருமுறை, ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்குக் கால் எட்டாதும்மா" என்றார். அதில் கடுமை ஏதும் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதைப் போலத்தான் சொன்னார். இரண்டு வருடம் கழித்துத் தம்பிக்கு அதே வண்டியில் கற்றுக்கொடுத்தார். தம்பி என்னைவிட நான்கு அங்குலம் உயரம். ஆகவே எனக்கு வாதிட இடமிருக்கவில்லை.

2022இல், 47 வயதில், ஒரு மோட்டார்சைக்கிள் வாங்குவது என்று முடிவு செய்தேன். மகன் படிக்க வெளியூர் போயிருந்தான். 25 வருடமாக ஸ்கூட்டரில் திருச்சியின் தெருக்களைச் சுற்றியாயிற்று. நிதானமாக, நீண்ட தூரம், யாருக்காகவும் அவசரப்படாமல் போக ஒரு வண்டி வேண்டியிருந்தது. சல்லடையில் சலித்துச் சலித்துக் கடைசியில் இரண்டு நின்றன: ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, அதே நிறுவனத்தின் மீட்டியோர் 350.

இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றேதான். 349 சிசி, ஐந்து கியர், 20.2 குதிரைத்திறன். 2020இல் மீட்டியோரில் வந்த அதே எஞ்சினைத்தான் அடுத்த வருடம் புதிய கிளாசிக்கிலும் வைத்தார்கள். சக்கரங்களுக்கிடையே உள்ள தூரத்தில்கூட 10 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. எடை ஒன்று 195 கிலோ, மற்றது 191. பழைய புல்லட்டின் 346 சிசி எஞ்சினோடு இரண்டுக்கும் உறவில்லை. அது நின்ற இடத்தில் நடுங்கும். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். இவற்றில் அதிர்வை விழுங்க எஞ்சினுக்குள் தனியாக ஒரு தண்டு சுழல்கிறது. உதைத்துக் கிளப்பும் கிக்கரும் இரண்டிலும் இல்லை.

பிறகு எதில்தான் வித்தியாசம்? உட்காரும் விதத்தில். கிளாசிக்கில் கால்வைப்புகள் ஏறக்குறைய உடலுக்கு நேர் கீழே இருக்கின்றன; முதுகை நிமிர்த்தி, பழைய காலத்து ஹெட்மாஸ்டரைப் போல உட்காரலாம். மீட்டியோர் குரூசர் வகை. கால்வைப்புகள் முன்னால் தள்ளியிருக்கும், கைப்பிடி நம்மை நோக்கி வரும். சாய்வு நாற்காலி என்று சொல்லமாட்டேன், திண்ணையில் காலை நீட்டியிருப்பது என்று சொல்லலாம். கிளாசிக்கின் இருக்கை தரையிலிருந்து 805 மில்லிமீட்டர். மீட்டியோருடையது 765.

40 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு விரற்கடை. என் உயரம் ஐந்தடி ஓரங்குலம். அந்த இரண்டு விரற்கடைக்குள்தான் என் முழுச் சிக்கலும் இருந்தது.

மனம் கிளாசிக்கில் இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. தொப்பி போட்ட முகவிளக்கு, அதற்கு மேலே இருபுறமும் புலிக்கண் போன்ற இரு சிறுவிளக்குகள், கண்ணீர்த்துளி வடிவத் தொட்டி. ஷோரூமில் அதைப் பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமைத் துணியின் வாசனை வந்தது. இத்தனைக்கும் கிளாசிக் என்ற பெயர் 2009இல்தான் இங்கே விற்பனைக்கு வந்தது. புதுயுகத்தைச் சேர்ந்ததாக நான் நினைத்த மீட்டியோர் என்ற பெயரோ 1950களில் இங்கிலாந்தில் ஓடிய 700 சிசி வண்டியினுடையது. நினைவு இந்த மாதிரி விவரங்களையெல்லாம் பொருட்படுத்துவதில்லை.

கல்லூரியில் என் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தன் கிளாசிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொடுத்தார். ("கீழ போட்டாலும் பரவால்ல மேடம், லெக் கார்டு இருக்கு.") திருவானைக்காவிலிருந்து கல்லணை போகும் சாலை. ஒருபுறம் காவிரி, ஊடே வாழைத்தோப்புகள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை கால் எட்டுவது என்பதே ஒரு பொருட்டல்ல. எந்த வண்டியும் ஓடும்போது யாருக்கும் பொருந்தும். நிற்கும்போதுதான் உயரம் கேட்கிறது. எதிரே ஒரு பஸ் வந்தது. ஓரம் ஒதுங்கி நின்றேன். தார் முடிந்து மண் சரியும் இடம். இடது காலை ஊன்றப்போனேன். கால் போய்க்கொண்டே இருந்தது, தரை வரவில்லை. 195 கிலோ மிக மெதுவாக, ஏதோ என்னிடம் அனுமதி கேட்பதுபோல இடப்பக்கம் சாய்ந்தது. நான் குதித்து விலகிக்கொண்டேன். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள். அதில் வயதானவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கால் எட்டலையேம்மா" என்றார்.

31 வருடம் கழித்து அதே வாக்கியம்.

மறுவாரம் மீட்டியோரை ஓட்டினேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் ஊன்றின. டயர் டியூப் இல்லாதது, வழியில் ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்துக்கொள்ளலாம். தனியாகப் போகிறவளுக்கு இது சிறிய விஷயமில்லை. குறையும் உண்டு. கால் முன்னால் இருப்பதால் வேகத்தடை வரும்போது எழுந்து கொடுக்க முடிவதில்லை. அடி நேராக முதுகெலும்பின் கடைசிக் கணுவுக்கு வருகிறது. ஆனால் என் தயக்கம் முதுகெலும்பைப் பற்றியதல்ல. அதை வாங்கினால் அப்பா பதினாறு வயதில் சொன்னதை ஒப்புக்கொண்டதாகும் என்று தோன்றியது. இருக்கையின் பஞ்சை வெட்டிக் குறைத்தால் கிளாசிக்கே எட்டும் என்றார் ஷோரூம் பையன். அதற்கும் விலை விசாரித்தேன்.

அப்பாவுக்கு அப்போது 79. கை நடுக்கம் வந்து மூன்று வருடமாகியிருந்தது. கீழே போட்ட கதையை அவரிடம் சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன். முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துவிட்டார்.

"எங்க நிறுத்துன?"

"ரோட்டோரம். பஸ்ஸுக்கு வழி விட்டேன்."

"அங்க நிறுத்தப்படாது. ஓரம் சரிவா இருக்கும். கல்லு, படிக்கட்டு, பிளாட்பாரம்னு ஏதாவது ஒண்ணப் பாத்து வச்சுக்கிட்டுத்தான் பிரேக்கையே தொடணும்." சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எனக்கு மட்டும் எட்டுச்சா என்ன?" என்றார்.

அப்பா ஐந்தடி மூன்றங்குலம். இதை நான் அறியாதவளல்ல. ஆனால் அந்த எண்ணைப் புல்லட்டின் பக்கத்தில் வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாக வந்தது. பள்ளிக்கூட வாசலில் அவர் வாசலுக்கு நேராக நிறுத்தமாட்டார், பத்தடி தள்ளி மதகுச் சுவரருகே நிறுத்துவார். தபாலாபீசில் படிக்கட்டை ஒட்டி. ஊர்ப் பயணத்தில் மைல்கல் பக்கம். இடது கால் எப்போதும் எதன் மேலாவது இருக்கும். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், ஆகவே வலது கால் அந்த வேலையைப் பார்க்கும். அதை நான் தோரணை என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு மாமாக்கள்கூட அப்படித்தான் நினைத்தார்கள்.

"அப்புறம் ஏம்ப்பா என்கிட்ட எட்டாதுன்னீங்க?"

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "அந்த வண்டியில நான் மூணு தடவ விழுந்திருக்கேன். உங்கம்மாவுக்குத் தெரியாது" என்றார். பிறகு, "இப்ப எதுல ரெண்டு காலும் முழுசா ஊனுது?"

"மீட்டியோர்ல."

"அப்புறம் என்ன யோசனை? எங்களுக்கு அப்ப புல்லட்ட விட்டா யெஸ்டி, ராஜ்தூத். இப்படி ஒண்ணு இருந்திருந்தா நான் ஏன் கல்லத் தேடிக்கிட்டுத் திரியறேன்."

மேலும் ஒரு வாரம் யோசித்தேன். கல்லைத் தேடி நிறுத்தும் வித்தை இப்போது எனக்கும் தெரியும். கிளாசிக்கை வாங்கி அப்பாவைப் போலவே ஓட்டிவிட முடியும்தான். மீட்டியோருக்கு முன்பணம் கட்டினேன். புலிக்கண் விளக்குகளை எங்காவது சிக்னலில் பார்த்தால் இப்போதும் தலை திரும்புகிறது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாலை அப்பா உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்றார். காலைத் தூக்கிப் போட நேரம் பிடித்தது. நான் பின்கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்ததும் இரண்டு செருப்பும் தரையில் படுவதைக் குனிந்து பார்த்தார். சாவியைத் திருப்பினார். பின்பு வலது காலைத் தூக்கி முன்னால் வைத்து, பெருவிரலால் மேலே எதையோ நெம்பப் பார்த்தார். பழைய புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இந்த வண்டியில் அந்தப் பக்கம் இருப்பது பிரேக். மேலே ஒன்றும் அகப்படாமல், நிதானமாகக் கீழே அழுத்தினார். பின்னால் நின்ற என் முகத்தில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை.