ஒன்பது அட்டை, முப்பது வினாடி

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்குப் போகிற கூட்டம் எட்டிப் பார்க்காத ஒரு சந்து. அங்கே ஒரு திண்ணையில் மாலை நேரத்தில் சொல்லாட்டப் பயிற்சி நடக்கிறது. ஆடுகிறவள் கல்லூரி மாணவி. டிவி நிகழ்ச்சி ஒன்றின் தேர்வுக்குத் தயாராகிறாள். எண்ணுக்கு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எழுத்துக்கு, அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்த தாத்தா.

விஜய் டிவியில் ஜேம்ஸ் வசந்தன் நடத்திய ‘ஒரு வார்த்தை ஒரு லட்சம்’ பார்த்துப் பிடித்த பைத்தியம் அவளுக்கு. வாத்தியார் பழக்குவதோ பிரிட்டனின் ‘கவுண்ட்டவுன்’ ஆட்டத்தை வைத்து. 1982 நவம்பர் 2 அன்று, சேனல் 4 தொடங்கிய நாளிலேயே வந்த நிகழ்ச்சி அது. மூலம் பிரெஞ்சுத் தொலைக்காட்சியுடையது. ஒன்பது எழுத்தில் நீளமான சொல், ஆறு எண்ணை வைத்து மூன்றிலக்க இலக்கு. ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி.

தமிழுக்கு இதைக் கொண்டுவருவதில்தான் சிக்கல். 247 எழுத்துக்கும் அட்டை போட்டுக் குலுக்கினால் ‘ஙூ’வும் ‘ஞௌ’வும் வந்து விழும். தாத்தா உயிரைத் தனியாக, மெய்யைத் தனியாக வெட்டிவிட்டார். க், த், ம் நிறைய. ங் ஒன்றே ஒன்று. எது எத்தனை வேண்டும் என்பது எழுத்துப் பெட்டியின் முன் நின்ற கைக்குத் தெரியாதா? இதே ஊரில் சீகன்பால்குவின் அச்சகத்துக்கும் இந்தக் கணக்கு இருந்தது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து 1713இல் வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதத்தைத் தின்றன. பிறகு இங்கேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு விழுந்தவை: ம், ர், க், க், ல், ட், அ, அ, ஆ. எனக்கு ‘மடல்’ வந்தது, ‘கடல்’ வந்தது. அவள் அட்டையைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மெய்யும் உயிரும் பிரிந்து கிடக்கும்போது சொல் கண்ணுக்குச் சிக்காது. காதுக்குத்தான் சிக்கும் போலிருக்கிறது.

“மரக்கால்!”

எட்டு அட்டை. மிச்சம் ட் மட்டும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக் கணக்கில் போடுகிற காலத்துப் பெண். ஆச்சி வீட்டுப் பரணில் பார்த்ததாம்.

எண்ணுக்கு வாத்தியார் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம், 1997இல் ஜேம்ஸ் மார்ட்டின் என்ற போட்டியாளர் போட்ட கணக்கு. எண்கள் 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. நூறோடு ஆறு, 106. மூன்றால் பெருக்கி 318. அதை 75ஆல் பெருக்கி 23,850. ஐம்பதைக் கழித்து 25ஆல் வகுத்தால் 952.

“இருபத்தி மூவாயிரத்துக்கு ஏன் ஏறணும், சொல்லும்மா?”

“எழுபத்தஞ்சை இருபத்தஞ்சால வகுத்தா மூணு. அம்பதை வகுத்தா ரெண்டு. ரெண்டு தடவை வகுக்கணும், சார். கையில இருபத்தஞ்சு ஒண்ணுதான் இருக்கு.”

அதனால் வகுத்தலைக் கடைசிக்குத் தள்ளி, இரண்டையும் ஒரே வீச்சில் முடித்தார் மார்ட்டின். வாய்ப்பாடு எல்லோருக்கும் தெரியும். எதை எப்போது செய்வது என்பதில்தான் தொழில் இருக்கிறது. மா, காணி, வேலி என்று நிலம் அளந்த ஊர்க் கணக்கர்களுக்கு இது புரிந்திருக்கும்.

அடுத்த சுற்றில் இலக்கு 564. அவளுக்கு 563தான் வந்தது. எழுதாமல் துழாவிக்கொண்டிருந்தாள்.

“எழுதிடும்மா. அஞ்சுக்குள்ள வந்தா ஏழு மார்க்கு.”

“சரியா வந்தா பத்து, சார்.”

“மணி அடிச்சா முட்டை.”

எழுதினாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.