ஓலைக்கால், சீலைக்கால்

நாங்கள் பர்மாத் தமிழர். இங்கு வந்து சில மாதங்களே ஆகின்றன. தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற கைகள் எங்களுடையவை. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுவிட்டது. "பர்மாவிலும் தமிழரா?" என்று வேலையிடத்தில் பலரும் கேட்கிறார்கள். அதனால்தான் பேனா பிடித்தோம்.

எங்கள் பேட்டை ரங்கூனில் ஆற்றோரம் உள்ள க்யிம்யிண்டைங். வெள்ளைக்காரர் வாயில் அது கெமண்டைன். சுற்று ரயில் அங்கே நின்று போகும். 1824-ல் ஆங்கிலேயர் பர்மாவைப் பிடிக்க வந்தபோது மதராஸ் சிப்பாய்கள் இங்கேயும் சண்டை போட்டார்கள். ஆகவே பட்டாளத்துக்கும் எங்கள் பேட்டைக்கும் உறவு பழையது.

எங்கள் தாத்தா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினவர். 1944 ஜனவரியில் நேதாஜி தம் தலைமையகத்தை ரங்கூனுக்குக் கொண்டுவந்தார். மலாயாவிலும் பர்மாவிலும் தோட்டக்காட்டுத் தமிழரும் கடைச் சிப்பந்திகளும் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த காலம் அது. தாத்தாவும் சேர்ந்தார். வயது 18.

சாப்பாடானதும் எங்களைச் சுற்றி உட்கார வைத்துப் பயிற்சிக் கதை சொல்வார். கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில். நம் ஆட்களுக்கோ 'ஜெய் ஹிந்த்' தவிர ஒன்றும் தெரியாது. பயிற்சி கொடுத்த உஸ்தாத் பஞ்சாபி. இடப்பக்கம் திரும்பச் சொல்லி "பாயேன்!" என்று அவர் ஒரு கத்துக் கத்த, முன்வரிசையில் நின்ற ஒருவர் நிஜமாகவே பாய்ந்துவிட்டாராம்! குப்புற விழுந்தவரைப் பார்த்து, இனி இடது வலது என்ற பேச்சே வேண்டாம் என்று ஒரு தமிழ் அவில்தார் முடிவு செய்தாராம். ஒரு காலில் ஓலைக் கீற்று, மறு காலில் கிழிந்த சீலைத் துண்டு. "ஓலைக்கால்! சீலைக்கால்!" என்று சொன்னதும் அணி ஒழுங்காக நடந்ததாம். இது ஊரில் போலீஸ்காரர்களைப் பற்றியும் சொல்லும் பழங்கதைதான் என்று பாட்டி முணுமுணுப்பார். இருக்கட்டும். தாத்தா தம் காலில் கட்டியதாகத்தான் சொன்னார். எழுந்து நடந்தும் காட்டுவார்.

துப்பாக்கி எல்லோருக்கும் போதாது. மரக்கட்டைதான் துப்பாக்கி. பூட்ஸ் போட்டுப் பழகாத கால்கள். நீண்ட நடைப்பயிற்சியில் பாதிப் பேர் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்களாம். இராக்காவலில் "கோன் ஹை?" என்று கேட்க வேண்டும். தாத்தாவுக்கு அவசரத்தில் இந்தி மறந்துபோய், "யாருடா அவன்?" என்றிருக்கிறார். இருட்டிலிருந்து, "நான்தான் மச்சான், வயிறு சரியில்லை" என்று பதில் வந்ததாம். மறுநாள் இருவரும் கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள்.

ஆனால் கதை எப்போதும் ஓரிடத்தில் நின்றுவிடும். "ஒரு நாள் சாயங்காலம் ரயிலேற்றினார்கள்" என்பார். "அப்புறம் தாத்தா?" என்போம். "அப்புறம் என்ன, வந்து சேர்ந்தேன்" என்று எழுந்து போய்விடுவார். 1945 பிப்ரவரியில் நம் ஆட்கள் ஐராவதிக் கரையிலும் பிறகு போப்பா மலைப் பக்கமும் டாங்கிகளுக்கு எதிரே நின்றார்கள் என்பது பின்னாளில் வேறு பெரியவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அந்த மச்சான் திரும்பி வந்தாரா என்று நாங்கள் கேட்டதே இல்லை. சிரித்ததோடு சரி.

நிற்க. 2024 பிப்ரவரி 10-ம் தேதி கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை அமல்படுத்துவதாகப் பர்மா ராணுவ அரசு அறிவித்தது. 2010-லேயே எழுதி வைத்திருந்த சட்டம்தான். ஆண்கள் 18 முதல் 35, பெண்கள் 18 முதல் 27. தின்ஜான் தண்ணீர்த் திருவிழா வருமுன்பே முதல் தொகுதிக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. பல பேட்டைகளில் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள். எங்களுக்கு 34, தம்பிக்கு 23. தாத்தா தாமாகப் போனவர். எங்களைப் பட்டியலில் எழுதினார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்ற பேச்சு இந்தப் பத்திரிகை படிக்கிறவர்கள் பலருக்குப் புதிதல்ல, ஆகையால் விவரிக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த தொகுதியில் போனான். சில வாரம் கழித்து யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். அழுவான் என்று நினைத்தோம். அவனோ சிரிப்புக் கதை சொன்னான்! தொப்பி பெரிதாக இருந்து கண்ணை மறைத்ததாம். அணி இடப்பக்கம் திரும்ப இவன் மட்டும் வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தானாம். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "பயிற்சி முடிந்து எங்கே அனுப்புவார்கள்?" என்று கேட்டோம். "இன்னும் சொல்லவில்லை அண்ணே" என்றான். பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

அந்த மாதமே தம்பியைக் கூட்டிக்கொண்டு தாய்லாந்து எல்லைப் பக்கம் புறப்பட்டோம். அம்மா வர மறுத்துவிட்டார். அந்தப் பையனின் தாய் தனியாக இருக்கிறாராம். சாயங்காலமானால் இருவரும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களாம்.