கரண்டி இறுகும் நேரம்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் மோல்டிங் மிஷின் ஓட்டுகிறவர்கள் நேரத்தை நொடிக் கணக்கில்தான் பேசுகிறார்கள். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாய்ந்து, இறுகி, பொருளாக வெளியே விழும் வரை ஆவது ‘சைக்கிள் டைம்’. சாதாரண பாலிப்ரொப்பிலீன் கரண்டிக்குச் சில நொடிகள் போதும். மக்கும் பிளாஸ்டிக் வந்ததும் அந்தக் கணக்கு குலைந்துபோனது.

கர்நாடக அரசு 2016 மார்ச்சில் பிளாஸ்டிக் பை, தட்டு, கரண்டிகளுக்குத் தடை விதித்தது. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கரண்டிகளுக்கு நாடு முழுவதும் தடை. அதற்குப் பிறகு சிறு பட்டறைகள் நாடிய பொருள்களில் ஒன்று பிஎல்ஏ என்ற மக்கும் பிளாஸ்டிக். மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்து, கிடைக்கும் லாக்டிக் அமிலத்திலிருந்து செய்யும் பாலிமர் அது.

நான் பார்த்த பட்டறையின் ஆபரேட்டர் தருமபுரிக்காரர். முதலாளியிடம் கன்னடம், ஹெல்பரிடம் தமிழ். குளிர்ந்த அச்சில் எடுத்த கரண்டி ஒன்றை அவர் காட்டினார். கண்ணாடிபோல் தெளிவு. கொதிக்கும் வெந்நீரில் விட்டதும் துவண்டுவிட்டது. நின்றபடி சாப்பிடும் தர்ஷினி ஓட்டலின் சாம்பாருக்கு அது எப்படித் தாங்கும்?

காரணம் எளிது. பிஎல்ஏயின் சங்கிலிகள் சீராக அடுக்கிக்கொள்ள, அதாவது படிகமாக, அவகாசம் வேண்டும். திடீரெனக் குளிர்ந்தால் தாறுமாறாகவே உறைந்துவிடும். அப்படி உறைந்தது 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகும். படிகமான கரண்டியோ 100 டிகிரி அளவிலும் வடிவம் மாறாது. ஆனால் சுத்தமான பிஎல்ஏயை 100 முதல் 120 டிகிரி வரையான சூட்டில் வைத்தாலும் படிகம் வளரப் பல நிமிடங்கள் ஆகும். எந்தப் பட்டறை அத்தனை நேரம் மிஷினை நிறுத்திவைக்கும்?

இங்கேதான் நுண்துகள் வருகிறது. கற்கண்டு நூலைப் பற்றி வளர்வதுபோல, பாலிமர் படிகமும் பற்றிக்கொள்ள ஒரு பரப்பைத் தேடுகிறது. மான்ட்மோரில்லோனைட் களிமண்ணின் ஓர் ஏடு சுமார் ஒரு நானோமீட்டர் தடிமன்தான். சில சதவீதம் கலந்தாலே பற்றுவதற்கு ஏராளமான பரப்பு கிடைக்கிறது. படிகங்கள் ஒரே சமயத்தில் பல இடங்களில் தொடங்கி, சிறிதாகவும் நெருக்கமாகவும் வளர்கின்றன. சாதாரண டால்க் தூளும் இந்த வேலையைச் செய்யும். இளக்கியும் (பிளாஸ்டிசைசர்) சேர்ந்தால் படிகமாதலில் பாதி ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. பருத்தியிலிருந்தும் கரும்புச் சக்கையிலிருந்தும் எடுக்கும் செல்லுலோஸ் நுண்படிகங்களையும் ஆய்வகங்கள் சோதித்திருக்கின்றன.

ஆனால் ஆய்வகத்தில் பலித்தது பட்டறையிலும் பலிக்குமா என்பதை முடிவு செய்வது அங்குள்ளவரின் கைதான். முதல் வேலை பிஎல்ஏ குருணையைக் காயவைப்பது. ஈரம் 0.025 சதவீதத்தைத் தாண்டினால், உருகும் சூட்டில் தண்ணீர் சங்கிலிகளை வெட்டி, கரண்டியை நொறுங்கவைத்துவிடும். அதற்காக அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினாலும் ஆபத்து: படிகமாகாத குருணை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, ஹாப்பரை அடைத்துக்கொள்ளும். அடுத்தது கலப்பது. நுண்துகள்கள் பிரியாமல் திரண்டுவிட்டால் பரப்பு குறைந்துவிடும். திரண்ட இடத்திலிருந்தே விரிசலும் தொடங்கும். அளவு மிஞ்சினாலும் துகள்கள் சங்கிலிகளின் அசைவைத் தடுத்து, படிக வளர்ச்சியை மந்தமாக்கும். ஸ்குரூவின் வேகம், பாரலின் சூடு, அச்சின் சூடு மூன்றையும் அந்த ஆபரேட்டர் கூட்டிக் குறைத்துப் பார்த்தபடியே இருந்தார். அந்தப் பொறுமையைப் பார்த்தால் அவரைத் தொழிலாளி என்பதோடு ஆய்வாளர் என்றும் சொல்லத் தோன்றுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மக்கும்போது தாறுமாறான பகுதியே முதலில் கரைகிறது. படிகப் பகுதி பிடிவாதமாக நிற்கும். ஆகவே சூடு தாங்கும் கரண்டி மெதுவாகத்தான் மக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். எந்த வகையானாலும் பிஎல்ஏ ஒழுங்காக மக்க, 58 டிகிரி அளவு சூடுள்ள தொழில்முறை உரக்கிடங்கு வேண்டும். தெருவோரக் குப்பைமேட்டில் அந்தச் சூடு கிடைக்காது.

இந்தியாவில் பாலிமர் தொழில்நுட்பம் கற்பிக்கும் சிபெட்டுக்குப் பெங்களூரிலேயே ஆய்வுக்கூடம் இருக்கிறது. பொருளறிவியல் ஆய்வுக்குப் பெயர்பெற்ற இந்திய அறிவியல் கழகமும் பீன்யாவுக்கு அருகில்தான். காயவைப்பதையும் கலப்பதையும் அச்சின் சூட்டைப் பிடிப்பதையும் ஆபரேட்டர்களுக்கு அவர்களுடைய மிஷின் முன்னாலேயே, தமிழிலும் கன்னடத்திலும், ஷிஃப்ட் முடிந்த நேரத்தில் கற்றுத்தர இவ்விரு நிறுவனங்களும் முன்வர வேண்டும்.