தேர் இறங்கும் தெரு

கஸ்ஸாரோவை மேலிருந்து கீழாகத்தான் நடக்க வேண்டும். பலெர்மோவில் சான்தா ரொசாலியாவின் தேர் போகும் திசை அது. மலைப்பக்கம் போர்த்தா நுவோவா என்ற வாசல், கடற்பக்கம் போர்த்தா ஃபெலீச்சே என்ற வாசல், நடுவில் ஒரே நேர்கோடு. ஃபினீசியர் காலத்து வழி. இன்றைய பெயர்ப்பலகையில் இத்தாலி அரசர் ஒருவரின் பெயர் இருக்கிறது, ஊர்வாயில் கஸ்ஸாரோதான். நிற்காமல் நடந்தால் அரை மணி நேரம். ஆனால் நிற்க வைக்கக் கோயில்கள் வரிசையாக இருக்கின்றன. பயணிகள் கையேட்டை விரித்து அவற்றை ஒவ்வொன்றாக அடையாளமிட்டுக்கொண்டு போகிறார்கள். இந்தத் தெருவுக்குப் பின்னால் வளர்ந்த எனக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது. இவற்றில் எத்தனை கதவுகள் தெருக்காரருக்காகத் திறக்கின்றன?

மேல்வாசலின் வெளிப்புறத்தில் மூர் கைதிகள் நால்வர் கல்லில் நிற்கிறார்கள். 1535இல் துனிஸை வென்று வந்த ஐந்தாம் கார்லோஸ் பேரரசன் ஊருக்குள் நுழைந்த பெருமைக்காக எழுப்பிய வாசல் அது. 1667இல் உள்ளே இருந்த வெடிமருந்து வெடித்துச் சிதறியது; 1669இல் திரும்பக் கட்டிவிட்டார்கள். பக்கத்து அரண்மனைக்குள் இரண்டாம் ரொஜெரோவின் பலத்தீன் சிற்றாலயம் இருக்கிறது. அதன் பொன் மொசைக்கைப் பற்றிச் சொல்ல ஆட்கள் நிறைய, வரிசையும் நீளம். இறங்குவோம்.

பேராலயத்தைப் பேராயர் குவால்தியேரோ 1185இல் கட்டினார். அதற்கு முன் அங்கே பள்ளிவாசல், அதற்கும் முன் ஒரு கிறிஸ்தவக் கோயில். தெற்கு முகமண்டபத்தின் இடதுகைத் தூணில் குர்ஆன் வசனம் ஒன்று அரபு எழுத்தில் இருக்கிறது. கட்டடத்தைக் கைமாற்றியவர்கள் தூணைக் கைவிடவில்லை; அப்படியே நட்டு மேலே வளைவை ஏற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபெர்தினாந்தோ ஃபூகாவின் திட்டப்படி குவிமாடம் வந்தது. அது பொருந்தவில்லை என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. தரையில் பதித்த பித்தளைக் கோடு வானியலாளர் பியாத்சி 1801இல் போட்டது; கூரையில் உள்ள சிறு துளை வழியாக நடுப்பகல் வெயில் வந்து அதன்மேல் விழும். அரசர் கல்லறைகளுக்கும் கூரைக்கும் டிக்கெட் உண்டு, நடு மண்டபத்துக்கு இல்லை. அதனால் இங்கே சந்தைப் பையோடு வந்து முழந்தாளிடுகிறவர்களை இன்றும் பார்க்கலாம். அவர்களில் பலர் போவது ஒரு புதிய கல்லறைக்கு. பிரங்காச்சோ பங்கின் குருவான பீனோ புலீசியை மாஃபியா 1993 செப்டம்பர் 15 அன்று அவருடைய வீட்டு வாசலில் வைத்துச் சுட்டது. அவர் இங்கேதான் இருக்கிறார்.

அதற்குக் கீழே இயேசு சபையாரின் பழைய கல்லூரி, இப்போது நூலகம். சில புத்தகக் கடைகள். 1943இல் குண்டில் அடிபட்டுப் பிறகு கச்சேரி மண்டபமாகவும் ஆன சான் சல்வதோரே.

என் பகுதி போலோன்யி சதுக்கத்தில் தொடங்குகிறது. நடுவில் ஐந்தாம் கார்லோஸின் வெண்கலச் சிலை, ஒரு கையைக் கவிழ்த்து முன்னே நீட்டியபடி. ஊரின் உரிமைகளைக் காப்பேன் என்று சத்தியம் செய்கிறாராம். பலெர்மோவில் வாழக் காசு இவ்வளவு உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்க வேண்டும் என்று அளந்து காட்டுகிறார் என்பது ஊரார் கேலி.

சதுக்கத்தின் பக்கத்தில் தெற்கே இறங்கும் சந்துகள் அல்பெர்கெரியாவுக்குள் போகும். முடிவில் பல்லாரோச் சந்தை. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய வீடு அங்கேதான். ஒரு பக்கச் சுவருக்கு மரச்சட்டத்தால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். எதிரே காலி மனை. அங்கே வீடு இருந்ததற்கு ஒரே அடையாளம், ஒட்டியிருந்த பக்கத்துச் சுவரில் மூன்றாம் மாடி உயரத்தில் நீல ஓடுகள் பதித்த ஒரு துண்டு. யாரோ ஒருவருடைய குசினி. கீழே இடிபாட்டுக்குள் அத்திமரம் ஒன்று நன்றாகத் தழைத்திருந்தது. 1943 மே 9 அன்று நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டுகளோடு நின்றுபோன மனை அது. நாங்கள் வந்தது நாற்பது வருடத்துக்கும் பிறகு.

குண்டை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. போர் முடிந்தபின் பழைய ஊரைச் செப்பனிட வேண்டிய பணமும் அக்கறையும் வடக்கே, எலுமிச்சைத் தோட்டங்களை அழித்துக் கட்டிய கொங்கிறீற் புறநகருக்குப் போயின. சால்வோ லீமா மேயராகவும், பின்னாளில் மாஃபியாத் தொடர்புக்காகத் தண்டனை பெற்ற வீத்தோ சியன்சிமினோ பொதுப்பணிப் பொறுப்பிலும் இருந்த காலம். 1959க்கும் 1963க்கும் இடையில் கொடுத்த நாலாயிரத்துச் சொச்சம் கட்டட அனுமதிகளில் பெரும்பகுதி ஐந்தே பேரின் பெயரில் இருந்தது. பழைய ஊர்க்காரர் புது அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கூரை ஒழுகிய வீடுகளும், பூசைக்கு ஆளில்லாத கோயில்களும் பின்னால் தங்கின. பலிபீடத்து மார்பிளைக் கழற்றிக்கொண்டு போகக் கள்ளர்களுக்கு நல்ல வசதி. அப்படிக் காலியான அறைகளில்தான் 1980களில் நாங்கள் ஏறினோம். வங்காளிகளும் கானாக்காரரும் மொரீசியஸ்காரரும் ஏறினார்கள். வாடகை குறைவு. மழைக்குப் பாத்திரம் வைக்கத் தெரிந்திருந்தால் போதும்.

பக்கத்தில் காசா புரோஃபெஸ்ஸா, இயேசு சபைக் கோயில். அதன் குவிமாடமும் 1943இல் விழுந்து பிறகு எழுந்ததுதான். சுவர் முழுவதும் நிறக்கற்களை வெட்டிப் பதித்த பூவும் கொடியும் பழமும். அம்மா சைவக்காரி, வேலை முடிந்து வரும் வழியில் உள்ளே போய் ஒரு தூணடியில் நிற்பார். “கல்லுக்குள்ள பூ வைச்சுத் தைச்சிருக்கினம்” என்பார். அவருக்கு வேலை, வியா லிபெர்த்தா பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் வீடு கூட்டித் துடைப்பது. பழைய ஊரை விட்டுப் போனவர்களின் வீடுகளில்தான் பழைய ஊருக்கு வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது.

ஜூலை 14 இரவு, ரொசாலியாவின் தேர்த் திருவிழாவுக்கு, பழைய ஊரை விட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள்.

கதை 1624இல் தொடங்குகிறது. துனிஸிலிருந்து வந்த கப்பலோடு கொள்ளைநோயும் வந்து இறங்கியது. அந்தக் கோடையில் மோன்தே பெல்லெக்ரீனோ மலைக்குகையில் சில எலும்புகள் கிடைத்தன. 12ஆம் நூற்றாண்டில் அங்கே துறவியாக வாழ்ந்த ரொசாலியாவுடையவை என்றார்கள். அடுத்த வருடம் ஜூனில் அவற்றை ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவர, நோய் அடங்கியது. எலும்புகள் இப்போது பேராலயத்தில் வெள்ளிப் பேழைக்குள். 2024இல் நடந்தது 400ஆவது திருவிழா.

பகல் முழுவதும் கல் குடித்த வெயில் இரவு பத்து மணிக்கும் பாதம் வழியாக ஏறும். சந்து முனையில் கடைகள் வந்துவிடும். வறுத்த கடலை, உப்பிட்ட பூசணி விதை, அவித்த சோளன், பனிக்கட்டியில் வைத்த வத்தகப்பழம், பூண்டும் பார்ஸ்லியும் போட்ட நத்தை. நத்தை தின்ன ஒரு முறை இருக்கிறது. ஓட்டின் பின்புறத்தை வேட்டைப்பல்லால் மெல்லக் கடித்துக் காற்றுக்கு வழிவிட வேண்டும்; பிறகு வாயில் வைத்து உறிஞ்சினால் முழுதாக வரும். அப்பா முதல் கோடையிலேயே பழகிவிட்டார். அம்மா கடைசிவரை சோளனோடு நின்றுகொண்டார்.

மேல்வீட்டுச் சிசிலிக் கிழவி எங்களுக்கு நொன்னா. சந்து கஸ்ஸாரோவைத் தொடும் இடத்தில் மதியமே நாற்காலிகளைப் போட்டு இடம் பிடித்துவிடுவார். ஒன்று அம்மாவுக்கு. பேராலயப் பக்கமிருந்து சத்தம் வரும். பிறகு பல்கனிகளில் ஆட்கள் எழுந்து நிற்பது மேலிருந்து கீழாக ஒவ்வொரு வீடாகப் பரவி வரும். தேர் எங்கே வருகிறது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். தேர் ஒவ்வொரு வருடமும் புதிது, பெரும்பாலும் கப்பல் வடிவம், மாடி உயரம். உச்சியில் ரோஜாவோடு ரொசாலியா. அம்மாவுக்குத் தேர் என்றால் நல்லூர்த் தேர். முதல் வருடம் வடத்தைத் தேடினார், காணவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“கிட்டப் போகாத, தம்பி. வடம் இல்லாத தேர். நிப்பாட்ட ஆள் இல்லை.”

தேர் எங்கள் முனைக்கு நேரே வந்ததும் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். நொன்னா சிலுவை போட்டுக்கொண்டே அதைப் பார்த்தார். உங்கள் ஊரில் இவளுக்கு என்ன பெயர் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தன் அரைகுறை இத்தாலியத்தில், அங்கே பெயர் ஒன்றல்ல, பல என்றார். நொன்னாவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. “இங்கேயும் முன்னே நாலு பேர் இருந்தார்கள். கொள்ளைநோய் வந்தபோது ஒருத்தியும் உதவவில்லை” என்றார்.

அந்த நாலு பேர் சற்றுக் கீழே, குவாத்ரோ கான்தியில் இருக்கிறார்கள். கஸ்ஸாரோவை வியா மக்வேதா வெட்டும் நாற்சந்தி அது. 1608இல் ஜூலியோ லாஸ்ஸோ தொடங்கிய வேலை. நான்கு மூலைக் கட்டடங்களும் உள்ளே குழிந்திருக்கும். அடியில் நீரூற்று, அதற்கு மேல் பருவங்கள், அதற்கு மேல் ஸ்பானிய அரசர்கள், எல்லாவற்றுக்கும் மேலே பழைய காவல் புனிதைகளான கிறிஸ்தீனா, நின்ஃபா, ஒலீவா, அகத்தா. ரொசாலியாவுக்கு அங்கே மாடம் இல்லை. கட்டும்போது அவருடைய எலும்பு கிடைத்திருக்கவில்லை. ஆனால் தேர் நிற்பது அங்கேதான். மேயர் ஏறிப் புனிதையின் காலடியில் பூ வைத்து “விவா பலெர்மோ எ சான்தா ரொசாலியா!” என்று கத்துவார். கூட்டம் திருப்பிக் கத்தும். அந்த வருடத்தில் ஊரில் குப்பை சரியாக அள்ளப்படவில்லையென்றால் கூட்டத்திலிருந்து வேறு சில சொற்களும் மேயருக்குக் கிடைக்கும்.

அந்த இரவுகளுக்குப் பிறகு அம்மா மலைக்கும் போகத் தொடங்கினார். சைவர்களும் வேதக்காரருமாக இந்த ஊர்த் தமிழர் பலர் மோன்தே பெல்லெக்ரீனோவுக்கு நேர்த்தி வைத்து நடக்கிறார்கள். குகைக்குள் பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகள் வாங்கிச் சுவரோரம் கொண்டுபோகும். அடியில் நின்று மனதில் உள்ளதைச் சொல்லிவிட்டு வருவார்.

எங்கள் சந்து இன்று சுத்தமாக இருக்கிறது. 2015இல் யுனெஸ்கோ அரபு-நார்மன் கட்டடங்களைப் பட்டியலில் சேர்த்தபின் கஸ்ஸாரோவின் பெரும்பகுதி நடப்பவர்களுக்கு என்று ஆனது. நல்ல காரியம். நாங்கள் இருந்த வீடு பயணிகள் தங்கும் அறைகளாகிவிட்டது. கதவருகே எண் அழுத்தினால் சாவி தரும் சின்னப் பெட்டி. நீல ஓடுகள் இருந்த சுவருக்குப் பூச்சுப் பூசிவிட்டார்கள். வாடகை ஏறியதும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. சில, அந்தக் கொங்கிறீற் புறநகருக்கே. முன்பு ஊரைக் காலியாக்கியது அசட்டை, இப்போது அக்கறை.

கோயில்களிலும் அதுவே நடக்கிறது. குவாத்ரோ கான்திக்கு அருகில் உள்ள சான்தா கதெரீனாவில் டொமினிக்கன் கன்னியர் 2014வரை இருந்தார்கள். அவர்கள் போனபின் கோயில், மடம், கூரை எல்லாவற்றுக்கும் டிக்கெட். டிக்கெட் காசு இல்லாவிட்டால் பல கதவுகள் இன்னும் பூட்டித்தான் இருக்கும் என்பது உண்மை. கூரைக்கு ஓடு போட யாராவது பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வேலைக்குப் போகிற வழியில் இரண்டு நிமிடம் உள்ளே நின்றுவிட்டுப் போக ஒருவருக்கு இடமில்லை என்றால், அந்தக் கூரையை யாருக்காகக் காக்கிறோம்? காலையில் ஒரு மணி நேரம் கதவை இலவசமாகத் திறந்து வைப்பதால் எந்தக் கருவூலமும் வற்றிவிடாது.

எதிரே மார்தொரானா இதற்குப் பதில் சொல்கிறது. 1143இல் ரொஜெரோவின் கடற்படைத் தளபதி, அந்தியோக்கியாவின் ஜோர்ஜ் கட்டிய கோயில். மாதாவின் காலடியில் அவர் குப்புற விழுந்து கிடப்பதை மொசைக்கில் பார்க்கலாம். பரோக் காலத்தில் நடுப்பீடப் பகுதியை இடித்து மாற்றினார்கள். ஆனால் இன்றும் அங்கே பைசாந்திய முறையில் பூசை நடக்கிறது. நடத்துகிறவர்கள், துருக்கியருக்குத் தப்பி 15ஆம் நூற்றாண்டில் கடல் தாண்டி வந்த அல்பேனியரின் வம்சத்தார். அகதிகளின் பிள்ளைகள் ஞாயிறுதோறும் நின்று பாடுவதால் அது இன்னும் கோயில். பக்கத்து சான் கதால்தோ ஒரு காலத்தில் தபால் நிலையமாக இருந்தது. இப்போது அதன் செந்நிறக் குவிமாடங்கள் படமெடுக்க வசதி.

கீழ்ப்பாதி விரைவில் முடியும். இடதுகைப்பக்கம் சான் மத்தேயோ. வலதுபுறச் சந்துக்குள் சான் ஃபிரான்செஸ்கோ பசிலிக்கா, 1823இல் நிலநடுக்கத்துக்கும் 1943இல் குண்டுக்கும் தப்பி நிற்பது. அதன் அருகே சான் லொரென்ஸோ செபக்கூடம். செர்பொத்தாவின் வெள்ளைச் சுதைக் குழந்தைகள் சுவரெங்கும் விளையாட, பீடத்துக்கு மேலே கரவாஜ்ஜோவின் கிறிஸ்து பிறப்பு ஓவியத்தின் நகல். அசலை 1969 அக்டோபரில் ஓர் இரவு சட்டத்திலிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் அக்கம்பக்கம் பாதி காலி. துறைமுகத்தை நெருங்கும்போது போர்த்தோ சால்வோ மாதா கோயில். 1581இல் கஸ்ஸாரோவைக் கடல்வரை நீட்டியபோது அதன் பீடப்பக்கத்தையே வெட்டி எடுத்துத் தெருவுக்கு இடம் செய்தார்கள். சற்றுத் தள்ளிக் காத்தேனா கோயில். துறைமுக வாயை மறித்த சங்கிலியின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது.

பிறகு போர்த்தா ஃபெலீச்சே. இரண்டு பெருந்தூண் கட்டடங்கள், மேலே சேர்க்கும் வளைவு இல்லை. ரொசாலியாவின் உயரமான தேர் தலை இடிக்காமல் கடலுக்குப் போகத்தான் அப்படி விட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வாசலுக்கு அடிக்கல் வைத்தது 1582, எலும்பு கிடைத்தது 1624 என்று படித்தவர்கள் மறுப்பார்கள். வேலை முடிந்தது 1637இல்தானே என்று ஊரார் விடமாட்டார்கள். எனக்கு இந்த வழக்கில் தீர்ப்பு வேண்டாம். தன் தெய்வத்தின் தேருக்காக வாசலையே மூடாமல் விட்டோம் என்று நானூறு வருடமாகப் பெருமை பேசும் ஊர், தேருக்குப் பின்னால் நடக்கிறவர்கள் அதே தெருவில் குடியிருக்கவும் ஒரு வழி விட வேண்டும். வெளியாருக்கு வாடகைக்கு விடும் அறைகளுக்கு வரம்பு போடலாம், பூட்டிக் கிடக்கும் மாடிகளைத் திருத்திக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். அதைச் செய்யாமல் ஜூலையில் தேர்மேல் ஏறிக் கத்தும் மேயருக்குத் திருப்பிக் கத்த, பேருந்தில் வந்து இறங்கிய பயணிகள்தான் மிஞ்சுவார்கள்.