கைப்பிடி எந்தப் பக்கம்?

போன மாதம் அத்தை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை, விடியற்கால ஷிப்ட். எலும்பு முறியவில்லை. வலது முழங்கால் வீங்கி இரண்டு வாரம் படுக்கை. வீக்கத்தைவிட, அங்கிருந்த சூப்பர்வைசர் சொன்ன வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது: "பார்த்து இறங்கக் கூடாதாம்மா?"

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த பஸ்ஸின் படி எவ்வளவு உயரம் என்று கேட்டேன். சித்தப்பாவிடமிருந்து உடனே குரல் பதிவு வந்தது. "நீ சீமையில உக்காந்துகினு பேசாதடா. இங்க ரோடு இருக்கிற இருப்புக்கு படியைத் தாழ்த்தினா அத்தினி பள்ளத்திலயும் இடிக்கும். அவங்கவங்க உடம்பைப் பார்த்துத்தான் வேலைக்குப் போவணும்."

அதற்கு இங்கே விரிவாகவே பதில் சொல்கிறேன் சித்தப்பா.

சிப்காட் ரோலிங் மில்லில் ஆறு வருஷம் ஃபிட்டராக இருந்த நான், இப்போது இங்கிலாந்தின் தெற்கே ஒரு சின்ன விமானத் திடலின் ஹேங்கரில் வேலை செய்கிறேன். நம் பக்கத்துக்காரர்களுக்கு விமானம் என்றால் சோழவரம்தான். உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுபாதை. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு அதில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் விட்டார்கள். அப்பா பார்த்ததெல்லாம் அந்தப் பந்தயம்தான். விமானத்தின் இறக்கையைத் தொட்டுத் துடைக்கும் வேலை எனக்கு வாய்த்தது.

எங்கள் ஹேங்கரில் நிற்பது நான்கு பேர் உட்காரும் பைப்பர். இந்த விமானத்தில் ஏறுவது சாதாரணக் காரியமில்லை. கதவு ஒன்றே ஒன்று, வலப்பக்கம், இறக்கைக்கு மேலே. ஓட்டுகிறவர் இடப்பக்கம் உட்கார வேண்டியவர்; ஆகவே அவர் முதலில் ஏறி உள்ளே நகர்ந்துகொள்ள வேண்டும். இறக்கைக்குப் பின்னால் தொங்கும் சின்ன இரும்பு மிதியில் காலை வைத்து, உடம்பைத் தூக்கி, இறக்கையின் மேல் ஒட்டிய சொரசொரப்பான கறுப்புப் பட்டையில் நிற்க வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் ஃபிளாப் முழுக்க மேலே ஏறிப் பூட்டியிருந்தால்தான் மனித பாரத்தைத் தாங்கும். பாதி இறங்கியிருக்கும்போது மிதித்தால் அப்படியே கீழே போகும், மிதித்தவரும் கூடவே போவார். பிறகு குனிந்து, திரும்பி, கதவுக்குள் முதலில் ஒரு காலை விட்டு... இருபது வயதில் இது விளையாட்டு.

இன்னொரு ரகமான செஸ்னாவில் இறக்கை தலைக்கு மேலே, இரண்டு பக்கமும் கதவு. அதில் ஏறுவது கொஞ்சம் எளிது. ஆனால் அந்த இறக்கையின் பின்விளிம்பு நெற்றிக்கு நேரே நிற்கும். இடித்துக்கொண்டு, நெற்றியில் தழும்போடு திரியும் விமானிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எழுபத்தொன்பது வயதுப் பெரியவர் ஒருவர் எங்கள் திடலுக்கு வருவார். தானே ஓட்டுவதை விட்டுவிட்டார். நண்பரோடு பயணியாகப் பறப்பார். ஒரு சனிக்கிழமை அவருடைய வலது கால் மிதியில், இடது கால் தரையில். இடது கை மேலே இருந்த கைப்பிடியை நோக்கிப் போய், காதுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றார். பிறகு காலை மெதுவாகக் கீழே வைத்து, "இன்று காற்று அதிகம்" என்று நண்பரிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். காற்று இல்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் வரவில்லை.

இந்த ஊர் மேல் எனக்குள்ள கோபம் அந்த எட்டு மாதம்தான். எல்லோரும் பார்த்தார்கள். அவருடைய கூச்சத்தை மதிப்பதாக நினைத்து யாரும் வாயைத் திறக்கவில்லை. நம் ஊராக இருந்தால் நாலு பேர் ஓடிவந்து, "வாங்க பெரியவரே" என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பார்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினமும் நடப்பது அதுதானே. வண்டியின் தளம் பிளாட்பாரத்தைவிட உயரம். கூடையோடு நிற்கும் ஆயாவைத் தூக்கிவிட வாசலிலிருந்து முன்பின் தெரியாத ஐந்து கைகள் நீளும். அந்தக் கைகளுக்கு ஈடான ஒன்றை நான் இந்த நாட்டில் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஆயாவைத் தூக்கும்போது அவருக்கு எங்கே வலிக்கிறது என்று யாரும் கேட்பதும் இல்லை.

எட்டு மாதம் கழித்து எங்கள் முதலாளியம்மா பேச்சுவாக்கில் பெரியவரைப் பற்றிக் கேட்க, நான் பார்த்ததைச் சொன்னேன். "ஒரு படி செய்து தர முடியுமா?" என்றார். விமானத்தின் உடம்பில் ஒரு கிளாம்ப் மாட்டுவதானாலும் வரைபடம், ஒப்புதல் என்று போக வேண்டும். தரையில் வைத்து எடுக்கும் படிக்கு அது எதுவும் தேவையில்லை. அளவெடுக்கக் கிளம்பினேன். அவர் என்னை நிறுத்திவிட்டு, பெரியவருக்கே போன் போட்டு ஒரு கேள்வி கேட்டார்: "கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும்?"

வலது பக்கம் என்றார் பெரியவர். இடது தோள் மேலே எழும்பி நான்கு வருஷம் ஆகிறதாம். விமானத்தின் கைப்பிடி இருப்பதோ ஏறுகிறவருக்கு இடப்பக்கம். இத்தனை காலமாக அவரைத் தடுத்தது கால் இல்லை, அந்தக் கைப்பிடி.

இரண்டு படி, ஒவ்வொன்றும் 20 செ.மீ. அலுமினியம் செக்கர் பிளேட், ஸ்கொயர் பைப், ஆர்கான் வெல்டிங். புல் தரையில் புதையாமலிருக்க அகலமான ரப்பர் பாதம். வலப்பக்கம் இடுப்பளவுக் கைப்பிடி, அது மடங்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் படி வெளியே கிடந்தால் ஆபத்து. அதனால் ஏறி முடித்ததும் உள்ளிருந்தே இழுத்துக்கொள்ள ஒரு கயிறு, கண்ணில் படச் சிவப்பு ரிப்பன். போய் இறங்கும் ஊரிலும் அதுவேதான் படி. பெரியவர் அதில் ஏறிய அன்று யாரையும் தொடவில்லை, யாரும் அவரைத் தொடவில்லை.

இந்த நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 1931இல் விமான விபத்தில் இரண்டு கால்களையும் இழந்த டக்ளஸ் பேடர், செயற்கைக் கால்களோடு போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டினார். 1983இல் அவர் நினைவாக மாற்றுத்திறனாளிகளுக்கு விமானம் ஓட்டக் கற்க உதவித்தொகை தொடங்கினார்கள். காலால் மிதித்து இயக்கும் ரட்டரைக் கையாலேயே இயக்க நெம்புகோல் பூட்டிய பைப்பரை இங்கே ஓட்டுகிறார்கள்.

நம்மிடம் எதுவும் இல்லை என்று நான் சொன்னால் அது பொய். வில்வண்டிக்குப் பின்னால் இரும்புக் கால்மிதி வைத்த ஆசாரி இதையெல்லாம் யோசித்தவர்தான். சென்னை விமான நிலையத்தில் படியே இல்லாத சாய்தளத்தில் என் மாமியார் நிற்காமல் நடந்துபோய் விமானத்தில் உட்கார்ந்தார். இங்கே பல சின்ன விமான நிலையங்களில் மழையில் நனைந்த இரும்புப் படிதான். சித்தப்பா சொன்ன அதே பள்ளம், அதே ரோடு என்ற வாதத்தைச் சென்னை மாநகரப் பேருந்துகளுக்கும் சொன்னார்கள். 900 மி.மீ. உயரத் தளம் போதும் என்றார்கள். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடி 400 மி.மீ. தளத்தைப் பெற்றார்கள். 2024 ஆகஸ்டில் வந்த அந்தத் தாழ்தளப் பேருந்துகள், பாகன் ஏற யானை முன்காலை மடக்குவதுபோல, நிறுத்தத்தில் ஒரு பக்கம் சாய்ந்து இறங்குகின்றன. அதே சென்னை ரோட்டில்தான் ஓடுகின்றன. கும்மிடிப்பூண்டி அங்கிருந்து சுமார் 45 கி.மீ.

கம்பெனி பஸ் நாளைக்கே மாறாது, தெரியும். அத்தை மகன் ஜி.என்.டி. ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். என் படியின் வரைபடத்தை அவருக்கு அனுப்பினேன். மறுநாள் விடியற்காலை அவரே பஸ் நிற்கும் இடத்துக்கு டேப்போடு போய் அளந்தார்: தரையிலிருந்து முதல் படி ஒன்றரை அடிக்கு ஒரு இஞ்ச் அதிகம். டிரைவரிடம் பேசிவிட்டார், படியை சீட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ள அவர் சம்மதித்தாராம். அந்த பஸ்ஸில் அத்தை வயதில் இன்னும் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள்.

"இரும்பிலயே அடிச்சிடறேன் மச்சான், அலுமினியம் கட்டுப்படியாவாது. கைப்பிடி எந்தப் பக்கம் வைக்க?"

"அத்தைகிட்ட போனைக் குடுங்க" என்றேன்.

"இன்னா நைனா, இதுக்குப் போயி என்னைக் கேக்கறே?" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் சத்தமில்லை. எழுந்து நின்று, இல்லாத பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "இறங்கறப்ப இடது கை பக்கம் வையி. சோத்துக் கையில டிபன் டப்பா இருக்கும்."